மாமனார் காதுக்கு ஒரு கீபோர்டு

என் மாமனார் கிறிஸ்துதாஸ், சத்தம் வராத எதையும் வேலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் தகட்டை மெஷினுக்குள் வைத்து, பெடலை மிதித்து, 'டங்' என்று ஒரு பாகத்தை வெளியே எடுக்கிற வேலையில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர். ஒரு டங்குக்கு ஒரு பாகம். டங் கேட்கவில்லை என்றால் ஆள் டீ குடிக்கப் போய்விட்டான் என்று பொருள். அந்தச் சத்தத்தில் அவருக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. யூனியனில் வேறு இருந்ததால் தொண்டை மட்டும் மந்தமாகவில்லை.

நான் ஜாபஸ். அவருடைய ஒரே மகள் ஹில்டாவைக் கட்டிக்கொண்டவன். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுகிற உத்தியோகம். ஆபீஸ் அம்பத்தூரில்தான் இருந்தது. ஆனால் இடம் பற்றாமல் எங்களில் பாதிப் பேரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். அண்ணனூரில் எங்கள் ஃபிளாட்டின் ஹாலில், பிளைவுட் வைத்து மறைத்த ஒரு மூலைதான் என் ஆபீஸ். அத்தை இறந்த பிறகு மாமா எங்களோடு வந்து தங்கினார். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய நாற்காலி.

ஹில்டா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் அவள் கிளம்பிப் போய்விட்டால் வீட்டில் நாங்கள் இரண்டு ஆண்கள் மட்டும்தான். லேப்டாப்பில் நான் டைப் அடிப்பது எனக்கே கேட்காது. போதாததற்கு என் வேலையில் முக்கால்வாசி, பழைய பதில் ஒன்றைக் காப்பி எடுத்து, பெயரை மாற்றி ஒட்டி அனுப்புவது. ஆக, மாமாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: மறைப்புக்குப் பின்னால் ஒரு தடித்த ஆள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான்.

"இன்னா மாப்ள, இன்னிக்கும் லீவா?"

"இல்ல மாமா, வேலை பாத்துட்டுதான் இருக்கேன்."

"அப்டியா? சத்தமே காணோம்."

தினமும் இதே கேள்வி, இதே பதில். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளைக்குச் சாதாரண விஷயம் இல்லை. அதைச் சாதாரணமாக இருக்க விடக்கூடாது என்பதற்காகவே கடவுள் எதிர் ஃபிளாட்டில் பாஸ்கரனைக் குடிவைத்திருந்தார். மாமாவோடு அதே பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். அவருடைய மாப்பிள்ளைக்குப் பட்டரைவாக்கத்தில் சொந்த லேத் பட்டறை. காலையில் பேப்பரைத் திருப்பிக் கொடுக்க வருகிற சாக்கில் வாசலில் நின்று, "இன்னா தாஸு, மாப்ள ஊட்டு சாப்பாடு ஒத்துக்குதா?" என்று விசாரிப்பார். மாமா சிரிப்பார். கதவைச் சாத்திவிட்டு வந்து ரொம்ப நேரம் எதுவும் பேசமாட்டார்.

ஒருநாள் பாஸ்கரன், "ஆமா, உம் மாப்ள பகல்ல இன்னாதான் பண்றாரு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. மாமா கொஞ்சம் யோசித்தார்.

"உள்ள கீறாரு."

அவ்வளவுதான் சொன்னார். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பதினைந்து வருட அனுபவம், சிறந்த ஊழியர் என்று ஒருமுறை கிடைத்த கண்ணாடிக் கோப்பை, எல்லாம் சேர்ந்து 'உள்ள கீறாரு'. எனக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே முடிவு செய்தேன். சத்தம் வருகிற கீபோர்டு ஒன்று வாங்கிவிட வேண்டும்.

எந்தக் கல்லூரி என்பதை அரை மணி நேரத்தில் முடிவு செய்தவன் நான். ஹில்டாவைப் பெண் பார்க்கப் போன இடத்தில் காபி ஆறுவதற்குள் சரி என்றவன். கீபோர்டுக்கு ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். அதில் இத்தனை சாதிகள் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. ஆபீஸ்களில் இருப்பது ரப்பர் வைத்த சாதாரண ரகம். அழுத்தினால் ஈரச் செருப்பு மாதிரி சத்தம் வரும். நடுவில் இரண்டாகப் பிளந்து கூரை போல் சரிந்த ஒரு ரகம் உண்டு. மணிக்கட்டுக்கு நல்லதாம். பார்க்கிறவர்களுக்கு உடைந்துபோனதை வைத்துக்கொண்டு வேலை செய்கிறான் என்று தோன்றும். அப்புறம் மெக்கானிக்கல் என்று ஒரு உயர்குலம். அதில் ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் தனித்தனியாக ஸ்விட்ச். சிவப்பு ஸ்விட்ச் என்றால் சத்தம் குறைவு, பிரவுன் என்றால் நடுத்தரம், நீலம் என்றால் பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். வீடியோக்களில் ஒவ்வொருவரும் நீல ஸ்விட்சைப் பற்றி எச்சரித்தார்கள். 'வீட்டில் மற்றவர்கள் இருந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்' என்றார்கள். எனக்கு வாயில் எச்சில் ஊறியது.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எத்திராஜ் என்பவரின் கம்ப்யூட்டர் கடை. போய் நின்று, "இருக்கறதுலயே அதிகமா சத்தம் வர்ற கீபோர்டு காட்டுங்க" என்றேன்.

எத்திராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் சத்தம் வராததுதான் சார் கேப்பாங்க. உங்களுக்கு எவ்ளோ சத்தம் வோணும்?"

"ஹால்ல ஃபேன் ஓடும், டிவி ஓடும். நடுவுல ஒரு பிளைவுட் இருக்கு. அதுக்கு அந்தப் பக்கம் காது மந்தமா ஒருத்தர் இருக்கார். அவருக்குக் கேக்கணும்."

வியாபாரி என்பதால் காரணம் கேட்கவில்லை. மேஜை மேல் ஐந்தாறு கீபோர்டுகளை வரிசையாக வைத்தார். நான் கடைக்கு வெளியே போய், கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, காதைக் கதவில் வைத்து நின்றேன். உள்ளே எத்திராஜ் ஒவ்வொன்றாகத் தட்டினார். சிவப்பு கேட்கவில்லை. பிரவுன் கேட்ட மாதிரி இருந்தது. ஆனால் ஆவடி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனதில் சந்தேகமாகிவிட்டது. மறுபடி தட்டச் சொல்லிக் கையைக் காட்டினேன். பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார்கள். கடைசியாக நீலத்தைத் தட்டினார். சோளப்பொரி பொரிகிற மாதிரி படபடவென்று கண்ணாடியைத் தாண்டி வந்தது. கதவைத் திறந்து, "இதுதான்!" என்று கத்தினேன். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நான் அப்படிக் கத்தவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தட்ட ஆரம்பித்தேன். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல். நாற்காலி நகர்ந்தது. டிவி சத்தம் குறைந்தது.

"ஆங்," என்றார் மாமா. "இப்பதான் வேலை நடக்கிற ஊடு மாதிரி கீது."

பேப்பரோடு வந்த பாஸ்கரன் வாசலிலேயே நின்றார். "இன்னாபா உள்ள சத்தம்?"

"எம் மாப்ள வேலையில கீறாரு. நீ மெதுவா பேசு."

மெதுவாகப் பேசச் சொன்னார்! ஜெபக்கூட்டத்தில்கூட மெதுவாகப் பேசாத மனிதர். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அன்று மதியம் எனக்காக அவரே டீ போட்டுக் கொண்டுவந்து மறைப்புக்கு இந்தப் பக்கம் கையை நீட்டினார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. மெஷின் ஓடும்போது ஆளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது பிரஸ் ஷாப் ஒழுக்கம்.

இத்தோடு நான் நிறுத்தியிருந்தால் கதையே இல்லை. ஒரு சிக்கல் வந்தது. என் வேலைதான் காப்பி எடுத்து ஒட்டுவது ஆயிற்றே? ஒரு புகாருக்கு நாலே நாலு தட்டு. டப்டப், டப்டப், முடிந்தது. அப்புறம் அடுத்த புகாரைப் படித்து முடிக்கும்வரை மயான அமைதி. அந்த அமைதியில் நாற்காலி கிரீச்சிடும். "இன்னா மாப்ள, கரெண்ட்டு பூட்ச்சா?" என்று குரல் வரும்.

அதனால் காப்பி எடுப்பதை விட்டேன். ஒவ்வொரு பதிலையும் முதல் எழுத்திலிருந்து நானே அடித்தேன். பாஸ்வேர்டை மறந்த ஒரு மனிதருக்கு, பாஸ்வேர்டு என்றால் என்ன, மனிதர்கள் ஏன் மறக்கிறார்கள், மறந்தால் மனம் தளரக்கூடாது என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அவர் கண்ணீர் மல்க நன்றி சொல்லிப் பதில் போட்டார். ஆனால் மற்றவர்கள் முப்பது புகார் முடிக்கிற நேரத்தில் நான் எட்டோ ஒன்பதோதான் முடித்தேன். "பதிலெல்லாம் நல்லா இருக்கு ஜாபஸ், ஆனா ஏன் இவ்ளோ நீளம்?" என்று மேனேஜர் இரண்டு தடவை கேட்டார். மாமனாருக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஆள் குறைக்கிற சமயம் வந்தபோது என் பெயர் பட்டியலில் முதலில் இருந்தது. வேலை செய்கிற சத்தம் வரவேண்டும் என்று வேலையைத் தொலைத்த ஒரே ஆள் இந்தப் பூமியில் நானாகத்தான் இருப்பேன். ஸ்வாதி என்ற பெண் வீடியோவில் வந்து, சிரித்த முகமாக, என் எதிர்காலத்துக்கு வாழ்த்துச் சொன்னாள். காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் வெளியே எதுவும் கேட்டிருக்காது. லேப்டாப்பை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா மாப்ள, அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் என்னைக் கேட்காமலே என் கைகள் கீபோர்டுக்குப் போய்விட்டன. படபடவென்று என்னவோ அடித்தேன். டிவி சத்தம் குறைந்தது. அந்த டிவி சத்தம் குறைந்ததில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

கம்பெனி லேப்டாப்பை எடுத்துப்போக ஆள் வந்தபோது மாமாவிடம் சர்வீஸுக்குப் போகிறது என்றேன். பழைய லேப்டாப் ஒன்றைத் தூசி தட்டி, நீலக் கீபோர்டை அதில் சொருகினேன். கம்பெனி கடைசியாகக் கொடுத்த தொகை இருந்ததால் வீட்டுச் செலவில் ஓட்டை தெரியவில்லை. ஹில்டாவிடமும் சொல்லவில்லை. வேறு வேலை கிடைத்த பிறகு இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

காலையில் கொஞ்ச நேரம் உண்மையாகவே வேலைக்கு விண்ணப்பம் போடுவேன். அது சீக்கிரமே தீர்ந்துவிடும். அப்புறம் சாயங்காலம்வரை எதை அடிப்பது? முதல் வாரம் மேனேஜருக்குக் கெட்ட வார்த்தைகளில் கடிதம் எழுதி அழித்தேன். அப்புறம் வாஷிங் மெஷினோடு வந்த கையேட்டை முழுக்க அடித்தேன். எங்கள் சபையின் டைரக்டரியில் இருந்த குடும்பப் பெயர்களை அடித்தேன். பிறகு மின்சார ரயில் நிலையங்களின் பெயர்களில் வந்து நின்றேன். வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரைவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி. முடிந்தால் திரும்பி வருவேன். ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயில். யோசிக்கவே வேண்டாம், நல்ல வேகம் கிடைக்கும்.

ஹில்டா வீட்டுக்கு வந்ததும் மாமா அறிக்கை வாசிப்பார். "இன்னிக்கு செம்ம வேலைமா. மூச்சு வுடல அவரு." ஹில்டா என்னைப் பார்ப்பாள். நான் நெற்றியைத் துடைத்துக்கொள்வேன். அந்த நேரத்தில் என்னை யாராவது செருப்பால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மாமாவின் மரியாதை மெதுவாகப் பரிதாபமாக மாறியது.

"ஏன் மாப்ள, நடுவுல பிரேக்கே குடுக்கறதில்லையா?"

"இல்ல மாமா, கொஞ்சம் அவசர வேலை."

"ஓவர்டைம் காசு குடுக்கறானா?"

"எங்க வேலையில அதெல்லாம் கிடையாது மாமா."

"கிடையாதா? இன்னா அநியாயமா கீது?" பழைய யூனியன்காரர் விழித்துக்கொள்வது எனக்கே கேட்டது.

இதற்கிடையில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. உண்மையான வேலையில் வராத வலி பொய் வேலையில் வந்தது. இதைவிட மென்மையாக அழுத்துகிற ஒன்றுக்கு மாறலாமா என்று மறுபடி எத்திராஜ் கடைக்குப் போனேன். பிரவுன் கைக்கு வெண்ணெய் மாதிரி இருந்தது. பிளந்த ரகம் இன்னும் சுகம், கை தானாகப் படுத்துக்கொண்டது. வெளியே போய்க் கதவில் காதை வைத்தேன். எத்திராஜ் உள்ளே தட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. கையா, மாமனாரா என்று ரோட்டில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பக்கத்து மருந்துக்கடையில் வலிக்கு ஒரு தைலமும் கையில் சுற்றுகிற துணியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கையில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்ததும் மாமாவின் முகம் மாறிவிட்டது. "மெஷின்ல வெரல் போனவனுக்கெல்லாம் சண்டை போட்டு வாங்கிக் குடுத்தவன் நானு. எம் ஊட்லயே ஒரு கை போவுது, பாத்துகினு குந்தினு கீறேன்" என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு வலித்துவிடுமோ என்று பயந்து பிடிக்கிற மாதிரி, அவ்வளவு மெதுவாகப் பிடித்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை சர்ச்சுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "ஒரு ஜோலி கீது" என்று கிளம்பிப் போனார். வீட்டில் நான் மட்டும். தட்டவேண்டிய அவசியமே இல்லை. நாள் முழுக்கப் படுத்துத் தூங்கலாம். ஆனாலும் எதிர் ஃபிளாட்டில் பாஸ்கரன் இருக்கிறாரே என்று விட்டுவிட்டுத் தட்டினேன். நான் எந்த நிலைக்கு வந்திருந்தேன் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

சாயங்காலம் மாடிப்படியில் இரண்டு பேர் ஏறிவருகிற சத்தம் கேட்டது. ஹில்டாவும் மாமாவும் ஒரே நேரத்தில் வந்தார்கள். நான் வேகத்தைக் கூட்டினேன். மாமா நாற்காலியில் உட்காரவில்லை. நேராக மறைப்பைத் தாண்டி என் பக்கம் வந்தார். இத்தனை மாதத்தில் முதல் தடவை. என் தோளுக்குப் பின்னால் நின்று, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, திரையைப் படித்தார்.

"கொரட்டூர். பட்டரைவாக்கம். அம்பத்தூர். திருமுல்லைவாயில்." ஒவ்வொன்றாக, நிதானமாக. "இன்னா மாப்ள இது?"

"ஸ்டேஷன் பேரு மாமா."

"அது தெரியுது. யாருக்கு?"

ஒரு பொய் வந்திருக்கக் கூடாதா? வரவில்லை. இருந்ததையெல்லாம் அடித்துத் தீர்த்துவிட்டிருந்தேன்.

"உங்களுக்குத்தான் மாமா."

அவர் மூலையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஹில்டா பையைத் தோளிலிருந்து இறக்காமல் மறைப்பருகில் நின்றாள்.

"உங்க ஆபீசுக்குப் போயிருந்தேன்," என்றார் மாமா. "ஆள வெச்சி இப்டி வேலை வாங்கறீங்களே, கை வீங்கிப்போய்க் கீதுன்னு கேக்கலாம்னு போனேன். ஒரு மேனேஜர் பையன் வந்தான். அவரு வேலை கம்மியா செஞ்சாரு, அதான் வேலைய வுட்டு எடுத்துட்டோம்னான். எனக்கு வந்துச்சே கோவம். 'டேய், நான் காதால கேட்டவன்டா! காலைலேந்து சாயந்தரம் வரைக்கும் எம் மாப்ள தட்டிகினே கீறாரு, நேத்து கூட கேட்டேன்டா'ன்னு கத்தினேன். ஆபீசே எழுந்து நின்னு பாக்குது." நிறுத்தினார். "நேத்தான்னு கேட்டான். அவரு போயி மூணு மாசம் ஆச்சேன்னான்."

மாமா கண்ணாடியைக் கழற்றினார்.

"அங்கியே நின்னுட்டேன். செக்யூரிட்டிகாரன் ஒரு கிளாஸ் தண்ணி குடுத்து, படியில குந்த வெச்சான். நல்ல பையன்."

கண்ணை மூடினேன். வெள்ளைச் சட்டையோடு அந்தப் படியில் அவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. எனக்காகச் சண்டைக்குப் போன மனிதரை நடுச்சபையில் பொய்யராக்கி உட்கார வைத்திருந்தேன். வெட்கம் என்றால் என்ன என்று அதுவரை எனக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

"எனக்குச் சந்தேகம் இருந்துச்சு" என்றாள் ஹில்டா.

"எப்படி?"

"வேலை இருந்தப்ப நீங்க இவ்ளோ டைப் பண்ணதே இல்லையே. சனிக்கிழமை வீட்ல இருக்கும்போது பாப்பேன்ல? பாதி நேரம் திட்டுவீங்க, பாதி நேரம் போன் பேசுவீங்க. இப்ப திட்டவே இல்ல. வெறும் தட்டுதான்."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். டாடிக்குப் பயந்தீங்க, சரி. எனக்குமா?" பையைத் தரையில் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

மாமா என் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை ஒருமையில் கூப்பிட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"நான் இங்க வந்து குந்தினு கீறது உனக்கு பாரமா கீதா நைனா? அதான் பயந்தியா?"

"ஐயோ, இல்ல மாமா." நாற்பதைத் தாண்டிய ஆள், கீபோர்டின் மேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். அழும்போதுகூடக் கன்னம் பட்டுப் படபடவென்று சத்தம் வந்தது. திரையில் வரிசையாக ஒரே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. மாமா கீபோர்டின் ஒயரைப் பிடுங்கினார்.

மறுநாள் காலை ஹில்டா பேசாமல்தான் கிளம்பினாள். ஆனால் தைலத்தை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். நான் பழைய லேப்டாப்பின் பொத்தான்களிலேயே விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். வீடு நிசப்தமாக இருந்தது. வழக்கமான நேரத்துக்கு வாசலில் பாஸ்கரனின் குரல்.

"இன்னா தாஸு, உள்ள சத்தமே காணோம்? மாப்ள ஊர்ல இல்லியா?"

மறைப்புக்குப் பின்னால் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். லீவு என்று சொல்லிவிடலாம். கீபோர்டு ரிப்பேர் என்று சொல்லிவிடலாம். அப்படி ஏதாவது சொல்லிவிட மாட்டாரா என்று மனதுக்குள் கெஞ்சினேன். அந்த மனிதரிடம் மாமா இத்தனை மாதம் பெருமை பேசியிருக்கிறார். இனி பாஸ்கரன் தினமும் வாசலில் நின்று அந்தச் சாப்பாட்டுக் கேள்வியைக் கேட்பார்.

"மாப்ளைக்கு வேலை பூட்ச்சு" என்றார் மாமா. மூன்றாவது மாடிவரை கேட்டிருக்கும். "மூணு மாசமாச்சு. உள்ள குந்தி வேற வேலை தேடிகினு கீறாரு. இன்னா இப்போ?"

பாஸ்கரன் கையிலிருந்த பேப்பர் சரசரத்தது. "அப்ப இத்தினி நாளா கேட்டுச்சே?"

"அது எனக்காக அடிச்சது. அத்த வுடு." மாமாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "உம் மாப்ள பட்டறைக்கு கம்ப்யூட்டர்ல பில்லு போட, ஆர்டரு பாக்க ஒரு ஆளு வோணும்னு சொல்லிகினு இருந்தியே. ஆளு கெடச்சிட்ச்சா?"

"இன்னும் இல்ல."

"கேட்டு சொல்லு பாஸ்கரா. நல்ல புள்ள. ஒண்ணு சொன்னா பத்தா செய்யும், அதான் அதாண்ட கோளாறு." கொஞ்சம் நிறுத்தி, அவர் வாயிலிருந்து நான் கேட்டே இராத ஒரு வார்த்தையைச் சொன்னார். "உங்கையில கேட்டுக்கறேன்."

கம்பெனி முதலாளிகளிடம்கூட அவர் எதையும் கேட்டு வாங்கியதில்லை, சண்டை போட்டுத்தான் வாங்கியிருக்கிறார். பாஸ்கரனிடம் ஒரு கரண்டி சர்க்கரை கேட்டுக்கூட நான் பார்த்ததில்லை.

எழுந்தேன். மறைப்பைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, வாசலுக்குப் போய் மாமாவின் பக்கத்தில் நின்றேன். பாஸ்கரன் என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிக்கவில்லை.

"உள்ள வாங்க சார், காபி சாப்பிடலாம்" என்றேன்.

மாமா வழிவிட்டு ஒதுங்கி நின்றார். பாஸ்கரன் செருப்பைக் கழற்றினார்.